அமெரிக்கன் ஃபுட்பாலில் பாஸ் விதிகள்: நான்கு கணங்களை வைத்து ஆட்டத்தைப் படிக்கும் முறை

சூப்பர் போல் பார்க்க உட்காருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பாஸ் எறியும்போதுதான். பந்து தரையில் விழுகிறது, விசில் அடிக்கிறார்கள், எல்லோரும் எழுந்து போகிறார்கள். சற்று நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு பந்து விழுகிறது. இந்த முறை ஆறேழு பேர் அதன் மேல் பாய்ந்து புரள்கிறார்கள். தடுக்கும் அணியின் ஒரு டிஃபெண்டர், பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு 5 யார்டு தண்டனை. இன்னொருவர் அதையே செய்ததற்கு 40 யார்டு. நடுவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களோ என்று சந்தேகம் வருவது இயல்பு.

விதிப்புத்தகம் குற்றங்களின் பெயர்வாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டமோ நொடிவாரியாக நடக்கிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான். எந்தப் பாஸிலும் நான்கு கணங்கள் உண்டு: முன்வரிசையின் நடுவில் இருக்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்நாப், பந்து எறிபவரின் கையைவிட்டுப் பிரிவது, யாராவது ஒருவர் அதை முதலில் தொடுவது, பிடி நிறைவாவது. ஒவ்வொரு விதியும் இந்த நான்கில் ஒன்றில் விழித்துக்கொண்டு இன்னொன்றில் தூங்கிவிடும். எது எப்போது விழித்திருக்கிறது என்று தெரிந்தால், குற்றத்தைக் காட்ட நடுவர் எறியும் கொடி ஏன் விழுந்தது என்பதை அறிவிப்புக்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.

கீழே இருப்பவை அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் விதிகள். கல்லூரி ஆட்டத்தில் முக்கியமாக மாறும் இடங்களை மட்டும் அங்கங்கே குறிப்பிடுகிறோம்.

ஸ்நாப்புக்கு முன்: யாரெல்லாம் பிடிக்கலாம்

பந்து வைத்திருக்கும் அணியில் 11 பேர். அவர்களில் குறைந்தது 7 பேர், பந்து வைக்கப்பட்ட இடத்தின் குறுக்கே போகும் ஸ்க்ரிமேஜ் கோட்டில் நிற்க வேண்டும். முன்னால் எறியும் ஃபார்வர்ட் பாஸைப் பிடிக்கத் தகுதி உள்ளவர்கள் அந்த வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும். நடுவில் நிற்கும் ஐவருக்கும் தகுதி இல்லை. வழக்கமாகப் பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் சென்டரை ஒட்டிப் பின்னால் நின்று பந்தை வாங்கினால் அவருக்கும் தகுதி இல்லை; ஷாட்கன் நிலையில் சில யார்டு தள்ளி நின்றால் உண்டு.

2018 பிப்ரவரி 4 அன்று சூப்பர் போலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஆடிய 'ஃபில்லி ஸ்பெஷல்' இந்த நுணுக்கத்தின் மேல்தான் நின்றது. நிக் ஃபோல்ஸ் ஷாட்கனில் நின்றார். பேசிக்கொண்டே வலது பக்கம் நடந்து போய் நின்றுகொண்டார். ஸ்நாப் நேராக கோரி கிளெமென்ட்டிடம் போனது. அவர் அதை ட்ரே பர்ட்டனிடம் பின்பக்கமாகத் தள்ளினார். பர்ட்டன் முன்னால் எறிய, கோல் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனில் தனியாக நின்ற ஃபோல்ஸ் பிடித்தார். பந்து மூன்று கை மாறியது போலத் தெரிந்தாலும் முன்னால் எறிந்தது ஒரே ஒரு தடவைதான்.

சட்டை எண்ணும் கணக்கில் சேரும். 50 முதல் 79 வரை எண் உள்ளவர் பாஸ் பிடிக்க வேண்டுமானால், தகுதியான இடத்தில் நிற்பதோடு, ஸ்நாப்புக்கு முன்பே தலைமை நடுவரான ரெஃப்ரியிடம் போய் ரிப்போர்ட் செய்திருக்க வேண்டும். ரெஃப்ரி அந்த எண்ணை எதிரணிக்கு அறிவிப்பார். 2023 டிசம்பர் 30 அன்று டல்லஸ் அருகே ஆர்லிங்டனில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் டெய்லர் டெக்கர் இரண்டு புள்ளி முயற்சியில் பந்தைச் சுத்தமாகப் பிடித்தார். ஆனால் ரிப்போர்ட் செய்தவர் என்று அறிவிக்கப்பட்டது டெக்கரின் 68 அல்ல, டான் ஸ்கிப்பரின் 70. கொடி விழுந்தது, புள்ளிகள் போயின, டல்லஸ் கௌபாய்ஸ் 20-19 என்று வென்றது. இந்த மாதிரி சமயத்தில் பிடியை விட்டுவிட்டு ஸ்நாப்புக்கு முந்தைய பத்து நொடிகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். விடை அங்கே இருக்கும்.

தகுதி இல்லாத ஐவரும், பந்து கையைவிட்டுப் பிரியும்போது கோட்டைத் தாண்டி 1 யார்டுக்கு மேல் போயிருந்தால் 5 யார்டு தண்டனை. கல்லூரியில் 3 யார்டு வரை போகலாம். ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் தீர்மானிக்கும் ஆட்டங்கள் கல்லூரியில் அவ்வளவு செழிப்பதற்கு இந்த 2 யார்டு சலுகை ஒரு முக்கியக் காரணம்.

ஸ்நாப் முதல் பந்து பிரியும் வரை

இந்தச் சில நொடிகளில் இன்னும் பாஸே இல்லை. அதனால் தடுக்கும் அணி மேல் 'பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்' (பாஸைப் பிடிக்கும் வாய்ப்பைக் கெடுத்தல்) விதிக்க வழியே இல்லை. விழித்திருப்பவை வேறு இரண்டு.

ஒன்று, இல்லீகல் கான்டாக்ட். ஸ்க்ரிமேஜ் கோட்டிலிருந்து 5 யார்டுக்குள் டிஃபெண்டர் ரிசீவரைக் கையால் தள்ளித் தாமதப்படுத்தலாம். அதற்கு அப்பால் தானாகப் போய் மோதி ரிசீவரை மறிக்கக் கூடாது. 1978இல் வந்த இந்த விதியை, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களை நடத்திய விதத்தை நினைத்து இன்றும் அவர் பெயராலேயே சொல்வார்கள். குவார்ட்டர்பேக் பந்தோடு, தன் அணியினர் சுற்றிக் காக்கும் பாக்கெட்டுக்குள் இருக்கும்வரைதான் இதற்கு உயிர். அவர் பாக்கெட்டை விட்டு வெளியே ஓடிவிட்டால் மோதலுக்குத் தடை இல்லை.

இரண்டாவது, டிஃபென்சிவ் ஹோல்டிங்: சட்டையை, கையைப் பிடித்து இழுத்து ரிசீவரைத் தடுப்பது. குவார்ட்டர்பேக் வெளியே ஓடினாலும் இது தூங்காது. இரண்டுக்கும் தண்டனை 5 யார்டும் தானாகவே ஒரு ஃபர்ஸ்ட் டவுனும் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகள், அதாவது டவுன்கள், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்). மூன்றாவது டவுனில் 15 யார்டு தேவைப்படும் அணிக்கு வெறும் 5 யார்டு ஹோல்டிங் எப்படி மறுவாழ்வு தருகிறது என்ற புதிருக்கு அந்தப் பின்பாதிதான் விடை.

பந்து கையைவிட்டுப் பிரியும் கணம்

அதிக விவாதம் பிறப்பது இங்கே. நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி: அது எறிதலா, நழுவலா? குவார்ட்டர்பேக்கின் கை பந்தை இறுகப் பிடித்தபடி முன்னோக்கி நகர ஆரம்பித்த பிறகு பந்து போனால் அது பாஸ். தரையில் விழுந்தால் ஆட்டம் நிற்கும். கை முன்னால் வருவதற்கு முன்பே பந்து தளர்ந்திருந்தால் ஃபம்பிள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். ரீப்ளேயில் பந்தைப் பார்க்காதீர்கள், மணிக்கட்டைப் பாருங்கள். சந்தேகமான நேரங்களில் நடுவர்கள் விசில் அடிக்காமல் ஆட்டத்தை ஓடவிடுவதற்கும் காரணம் உண்டு. ஓடவிட்டதை ரிவ்யூவில் (காணொளி மறுஆய்வில்) ரத்து செய்யலாம். விசில் அடித்து நிறுத்திய ஓட்டத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

இதில் பழைய 'டக் ரூல்' பற்றி ஒரு வார்த்தை. 2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரெய்டர்ஸின் சார்ல்ஸ் வுட்சன் மோதியதில் பேட்ரியட்ஸின் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்து விழுந்தது. பிரேடி எறிவதை நிறுத்தி, பந்தை உடலோடு அணைக்கப் போய்க்கொண்டிருந்தார். முன்னோக்கி நகர்ந்த கை, பந்து உடலோடு சேரும்வரை எறியும் அசைவாகவே கருதப்படும் என்று அன்றைய விதி சொன்னதால் அது பாஸ் என்று தீர்ப்பானது. பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில் 16-13 என்று வென்றது. 2013இல் அந்த விதி நீக்கப்பட்டது. இன்று அதே காட்சி வந்தால் ஃபம்பிள். பழைய காணொளி பார்த்து விதி கற்றவர்கள் இதில்தான் இடறுகிறார்கள்.

இரண்டாவது: முன்னாலா, பின்னாலா? பந்து கையைவிட்ட இடத்தையும், முதலில் எதையாவது தொட்ட இடத்தையும் மைதானத்தின் யார்டு கோடுகளை வைத்து ஒப்பிட வேண்டும். தொட்ட இடம் எதிரணியின் கோல் கோட்டுக்குக் கொஞ்சமாவது அருகில் இருந்தால் ஃபார்வர்ட் பாஸ். சரிசமமாகவோ பின்னாலோ இருந்தால் பேக்வர்ட் பாஸ். எறிந்தவர் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தார், கை எந்தப் பக்கம் நீண்டது என்பதற்கெல்லாம் மதிப்பில்லை. ரக்பியில் கை அசைந்த திசையைப் பார்ப்பார்கள். இங்கே புல்லில் வரைந்த கோடுதான் பேசும்.

பேக்வர்ட் பாஸ் எத்தனை முறை வேண்டுமானாலும், எங்கிருந்தும் எறியலாம். ஆனால் தரையில் விழுந்தால் ஆட்டம் நிற்காது. பக்கவாட்டில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்குத் தள்ளிய பந்து தவறி விழ, 'சரி, இன்கம்ப்ளீட்' (பிடிபடாத பாஸ்) என்று எல்லோரும் நின்றுவிட, ஒரே ஒரு டிஃபெண்டர் மட்டும் அதை எடுத்துக்கொண்டு ஓடுவதை அவ்வப்போது பார்க்கலாம். அவர் மட்டும்தான் யார்டு கோட்டைப் பார்த்திருக்கிறார். 2000 ஜனவரி 8 அன்று டென்னசி டைட்டன்ஸின் ஃபிராங்க் வைசெக் மைதானத்தின் குறுக்கே எறிந்ததைக் கெவின் டைசன் பிடித்து 75 யார்டு ஓடியபோது, ரிவ்யூவில் முழு வழக்கும் இந்த ஒரு ஒப்பீடுதான். பின்னோக்கியே என்று தீர்ப்பாகி டைட்டன்ஸ் 22-16 என்று வென்றது. தோற்ற பஃபலோ அணியின் ரசிகர்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவது: எறிந்தவர் கோட்டைத் தாண்டியிருந்தாரா? பந்து பிரியும்போது அவருடைய முழு உடலும் பந்தும் ஸ்க்ரிமேஜ் கோட்டைத் தாண்டியிருந்தால்தான் குற்றம். பின்னங்கால் விரல் ஒன்று கோட்டின் மேல் இருந்தாலும் தப்பித்தார். தண்டனை, எறிந்த இடத்திலிருந்து 5 யார்டு, கூடவே டவுனும் போகும். தொலைக்காட்சியில் தெரியும் நீலக்கோட்டை அப்படியே நம்ப வேண்டாம். அது ஒளிபரப்பு நிறுவனம் வரைவது, நடுவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

நான்காவது: வேண்டுமென்றே வீணாக எறிந்தாரா? இதுதான் இன்டென்ஷனல் கிரவுண்டிங். அது குற்றமாக மூன்றும் சேர வேண்டும். எதிராளி நெருக்கி யார்டு இழக்கும் நிலை. எறிபவர் பாக்கெட்டுக்குள் இருப்பது. பந்து போன பக்கம் தகுதியுள்ள ரிசீவர் யாரும் பிடிக்கும் தூரத்தில் இல்லாமை. ஒன்று குறைந்தாலும் கொடி கிடையாது. நடு ஐவரில் இரு ஓரங்களிலும் நிற்கும் டேக்கிள்கள் நின்ற இடத்துக்கு வெளியே வந்துவிட்டால், பந்து ஸ்க்ரிமேஜ் கோடு வரை போய்ச் சேர்ந்தால் போதும். பார்வையாளர் மடியில் எறிந்தாலும் சரி. பாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கெட்டிக்காரக் குவார்ட்டர்பேக், பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கின் காலடியில் எறிவார். அசிங்கமாக இருக்கும், ஆனால் விதிக்கு உட்பட்டது. ரிசீவர் வழி மாறி ஓடியதால் ஆளில்லாத இடத்தில் பந்து விழுந்தால், நெருக்கடி இல்லாதவரை அதுவும் குற்றமல்ல. கடிகாரத்தை நிறுத்த ஸ்பைக் செய்வதற்குத் தனி விலக்கு உண்டு. சென்டரை ஒட்டிப் பின்னால் நின்று, பந்து வந்ததும் தாமதிக்காமல் தரையில் அடிக்க வேண்டும்.

தண்டனை 10 யார்டும் டவுன் இழப்பும்; எறிந்த இடம் அதைவிடப் பின்னால் இருந்தால் அந்த இடத்திலிருந்தே அடுத்த ஆட்டம். எறிந்தவர் தன் எண்ட் ஸோனில் நின்றிருந்தால் சேஃப்டி, எதிரணிக்கு 2 புள்ளி. 2012 பிப்ரவரி 5 சூப்பர் போலில் பேட்ரியட்ஸின் முதல் ஸ்நாப்பிலேயே இது நடந்தது. ஜஸ்டின் டக் நெருக்க, எண்ட் ஸோனில் நின்ற பிரேடி நடு மைதானத்தில் ஆளே இல்லாத இடத்துக்கு நீளமாக எறிந்தார். பந்து அத்தனை தூரம் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு அது குற்றமாகவே தோன்றவில்லை. தூரம் கணக்கில் இல்லை, ஆள் இருக்கிறாரா என்பதே கணக்கு. ஜயன்ட்ஸ் 2-0 என்று தொடங்கி 21-17 என்று வென்றது.

இந்தக் கொடி தாமதமாக விழுவதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். குவார்ட்டர்பேக்கைக் கவனிக்கும் ரெஃப்ரிக்குப் பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. தூரத்தில் நிற்கும் சக நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்கிறார்.

பந்து காற்றில் இருக்கும்போது

இப்போதுதான் தடுக்கும் அணி மேல் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் விழிக்கிறது. ஸ்க்ரிமேஜ் கோட்டைத் தாண்டி 1 யார்டுக்கு அப்பால், பிடிக்கும் வாய்ப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுத்தால் குற்றம். பந்துக்கு முன்பே வந்து மோதுவது, ஒரு கையைக் கீழே அழுத்திப் பிடிப்பது, இடுப்பைக் கொக்கிபோல் பிடித்து உடலைத் திருப்புவது, பந்தைப் பார்க்காமல் வழியை மறிப்பது ஆகியவை வழக்கமான வடிவங்கள். இருவரும் பந்தையே பார்த்துப் பாயும்போது உரசினாலோ, கால்கள் தற்செயலாகச் சிக்கினாலோ குற்றமில்லை. யாராலும் எட்ட முடியாத பந்து என்றால் மோதினாலும் இன்டர்ஃபியரன்ஸ் ஆகாது. தொடாமல் முகத்துக்கு முன் கையை ஆட்டுவதும் என்எஃப்எல்லில் அனுமதிக்கப்பட்டதே.

தண்டனை கடுமையானது: குற்றம் நடந்த இடத்திலேயே ஃபர்ஸ்ட் டவுன். எண்ட் ஸோனில் நடந்தால் பொதுவாகப் பந்து 1 யார்டு கோட்டில் வைக்கப்படும். கல்லூரியில் எவ்வளவு தூரம் எறிந்தாலும் 15 யார்டு உச்சவரம்பு. ஆரம்பத்தில் சொன்ன 5-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் இப்போது விளங்கும். அதே இழுப்பு பந்து பிரிவதற்கு அரை நொடி முன்னால் நடந்தால் ஹோல்டிங். அரை நொடி பின்னால் நடந்தால் இன்டர்ஃபியரன்ஸ். ரீப்ளேயில் ரிசீவரையும் குவார்ட்டர்பேக்கின் கையையும் ஒரே சட்டகத்தில் காட்டினால்தான் தீர்மானிக்க முடியும். ரிசீவரை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் ரீப்ளே இதற்கு உதவாது.

பந்து வைத்திருக்கும் அணிக்கோ கட்டுப்பாடு ஸ்நாப்பிலேயே தொடங்கிவிடும். ஒரு ரிசீவர் டிஃபெண்டரின் குறுக்கே போய் மோதி, இன்னொரு ரிசீவருக்கு வழி திறந்துவிடும் 'பிக்' ஆட்டத்தில், பந்து பிரிவதற்கு முன்பே மோதல் நடந்தாலும் பிறகு பாஸ் எறிந்தால் 10 யார்டு தண்டனை உண்டு. ஆனால் கோட்டிலிருந்து 1 யார்டுக்குள் மோதினால் இல்லை. கோல் கோட்டுக்கு அருகில் எல்லா அணிகளும் இந்த ஒரு யார்டைத்தான் கறக்கின்றன.

முதல் தொடுதல்

சின்ன விஷயம், பெரிய விளைவு. பந்தை யார் தொட்டாலும் அந்த நொடியே இன்டர்ஃபியரன்ஸ் விதி தூங்கிவிடும். முன்வரிசை டிஃபெண்டர் ஒருவரின் விரல்நுனி பட்டால்கூட, 30 யார்டு தள்ளி அதற்குப் பிறகு நடக்கும் மோதல் இன்டர்ஃபியரன்ஸ் ஆகாது. ரெஃப்ரி கொடியைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தடுக்கும் அணி தொட்டுவிட்டால், தகுதி இல்லாத ஐவரும்கூட அந்தப் பந்தைப் பிடிக்கலாம்.

1978 வரை, ஒரே அணியின் இருவர் அடுத்தடுத்துத் தொட்டால் பிடி செல்லாது. 1972 டிசம்பர் 23இல் ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் தரையை ஒட்டி அள்ளிய பந்து, அதற்கு முன் பட்டது ஸ்டீலர்ஸின் ஃபுக்வா மீதா, ரெய்டர்ஸின் டாட்டம் மீதா என்று இவ்வளவு காலம் சண்டை போடுவது அதனால்தான். இன்றைய விதியில் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை.

பிடி எப்போது பிடியாகிறது

மூன்று படிகள், இதே வரிசையில். ஒன்று, கைகளில் பந்து கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும். இரண்டு, அதன் பிறகு இரண்டு காலும், அல்லது கை தவிர உடலின் வேறு ஒரு பகுதியும், மைதானத்துக்குள் படிய வேண்டும். ஒரு முழங்கால் இரண்டு காலுக்குச் சமம். கல்லூரியில் ஒரு கால் போதும். மூன்று, ஆட்டத்துக்கே உரிய ஓர் அசைவு: மூன்றாவது அடி, பந்தைக் கோட்டை நோக்கி நீட்டுவது, உடலோடு அணைத்துத் திரும்புவது போன்றவை. அல்லது அதைச் செய்யும் அளவு நேரமாவது பந்து கையில் இருந்திருக்க வேண்டும். மூன்றும் முடிந்த பிறகு பந்து போனால் ஃபம்பிள். அதற்கு முன் போய்த் தரையைத் தொட்டால் இன்கம்ப்ளீட். இன்டர்செப்ஷனுக்கும் (எதிரணி பாஸைப் பிடித்துவிடுவது) இதே மூன்றுதான்.

எல்லைக்கோட்டுப் பிடியைச் சோதிக்கும்போது பெரும்பாலோர் முதலில் காலைப் பார்க்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. பந்து கையில் அசையாமல் நிற்கும் சட்டகத்தில் முதலில் காணொளியை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு படிந்த கால்களை மட்டும் எண்ணுங்கள். பந்து ததும்பிக்கொண்டிருந்தபோது உள்ளே பட்ட கால் கணக்கில் வராது. விரல்நுனி உள்ளே இழுபட்டுப் போனால் செல்லும். ஆனால் விரல் உள்ளே பட்டு அதே அடியின் தொடர்ச்சியில் குதிகால் வெளியே பட்டால் செல்லாது. பந்து தரையில் பட்டாலே பிடி போச்சு என்பதும் தவறு. கட்டுப்பாடு குலையாமல் பட்டால் பிடி நிற்கும்.

2018க்கு முன் இருந்த நான்காவது நிபந்தனைதான் பலரின் மனதை இன்னும் குழப்புகிறது. பிடித்தபடியே விழுபவர், தரையில் விழுந்து முடியும்வரை பந்தை விடக் கூடாது என்றது அது. 2010இல் சிகாகோவில் கால்வின் ஜான்சனும், 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் ஜெஸ்ஸி ஜேம்ஸும் அதனால் டச்டவுனை (எண்ட் ஸோனில் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளிகளை) இழந்தார்கள். 2015 ஜனவரி 11, கிரீன் பேயில் கௌபாய்ஸின் டெஸ் பிரையன்ட் நான்காவது டவுனில் எகிறிப் பிடித்து, அடிகள் வைத்து, கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். இடது கை தரையில் மோதியபோது பந்து துள்ளியது. பிடி என்ற தீர்ப்பு ரிவ்யூவில் மாறியது. கௌபாய்ஸ் 26-21 என்று தோற்றது. இன்றைய விதியில் மூன்றாவது அடியும் நீட்டிய கையும் போதும். எங்கள் பார்வையில் அது சந்தேகமற்ற பிடி. அதற்காக, விழுவது இப்போது கணக்கிலேயே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றாம் படிக்கு முன்பே தரையில் மோதிப் பந்தை விட்டால் இன்றும் இன்கம்ப்ளீட்தான். இந்த மூன்றாம் படியை மெதுவாக ஓடும் காணொளியில் அளக்காதீர்கள். அதில் எல்லோருக்கும் நிறைய நேரம் இருந்தது போலத் தெரியும்.

இருவர் ஒரே நேரத்தில் பிடித்தால் பந்து எறிந்த அணிக்கு. ஆனால் ஒருவர் முதலில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, பிறகு மற்றவர் கையை நுழைத்தால் அது ஒரே நேரம் ஆகாது. 2012 செப்டம்பர் 24 சியாட்டிலில், வழக்கமான நடுவர்கள் இல்லாத அந்த வாரங்களில், கிரீன் பேயின் ஜென்னிங்ஸ் மார்போடு அணைத்த பந்தில் சியாட்டிலின் கோல்டன் டேட்டும் கை வைத்திருந்தார்; டச்டவுன் என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே டேட் ஒரு டிஃபெண்டரை இரு கையாலும் தள்ளியதற்குக் கொடி விழுந்திருக்க வேண்டும் என்று என்எஃப்எல்லே மறுநாள் ஒப்புக்கொண்டது. அந்தத் தள்ளலை ரிவ்யூவில் பார்க்க வழி இல்லை.

ரிவ்யூவில் எதை எதிர்பார்க்கலாம்

பிடியா இல்லையா, கால் உள்ளேயா, முன்னாலா பின்னாலா, எறிதலா நழுவலா, கோட்டைத் தாண்டினாரா: இவை காணொளியில் தெரியும் உண்மைகள், ரிவ்யூவில் மாறலாம். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் நடுவரின் மதிப்பீடு. 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில், பந்து வருவதற்கு முன்பே ரேம்ஸின் ராபி-கோல்மன் சென்று செயின்ட்ஸின் டாமிலீ லூயிஸை இடித்துத் தள்ளியதற்குக் கொடி விழவில்லை. செயின்ட்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என்று தோற்றது. அந்தக் கூச்சலில் 2019 பருவத்துக்கு மட்டும் இன்டர்ஃபியரன்ஸும் ரிவ்யூவுக்குள் வந்தது. காணொளி பார்த்தும் தீர்ப்புகளை மாற்றத் தயங்கினார்கள், பயிற்சியாளர்கள் வெறுத்துப்போனார்கள். 2020இல் அதைக் கைவிட்டார்கள். ஆகவே இன்டர்ஃபியரன்ஸுக்குப் பயிற்சியாளர் ஏன் ரிவ்யூ கேட்கும் சிவப்புக் கொடியை எறியவில்லை என்று கத்த வேண்டாம். எறிந்தால் அவருக்கு ஒரு டைம்அவுட்தான் நஷ்டம்.